வாலையில் பிறக்கும் ரோஜா

பல்கேரியாவின் கசன்லக் ரோஜாவை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பூக்கடை வாளியில் நீளக் காம்போடு நிமிர்ந்து நிற்கும் சிவப்பு ரோஜாவின் மிடுக்கு இதற்குக் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு பூ. வெளிறிய இளஞ்சிவப்பு. முப்பது சொச்சம் இதழ்கள் ஒழுங்கில்லாமல் கலைந்திருக்கும். விடியலில் விரிந்தது மதிய வெயிலில் துவண்டுவிடும். பறித்துக் குவளையில் வைத்தால் மறுநாள் மேசை முழுக்க இதழாக உதிரும். நம் ஊரில் மாலைக்கும் குல்கந்துக்கும் போகிற பன்னீர் ரோஜாவோடு பழகியவர்கள் மட்டும் இதைப் பார்த்த மாத்திரத்தில் இனம் கண்டுகொள்வார்கள். இரண்டும் உறவு. மணத்துக்காகவே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த குடும்பம் அது.

தாவரவியலில் இதன் பெயர் ரோசா டமாஸ்சீனா. டமாஸ்கஸ் நகரத்தின் பெயரைச் சுமந்தாலும் அதன் பிறப்பு அங்கே இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் மரபணுவைப் பிரித்துப் பார்த்து மூன்று மூதாதைகளைக் கண்டார்கள்: ரோசா காலிகா, ரோசா மோஸ்கட்டா, ரோசா ஃபெட்ஷென்கோவானா. மூன்றாவது இனம் மத்திய ஆசிய மலைகளில் தானாக வளர்வது. ஆக, மூன்றும் கலந்த அந்தப் பழைய சேர்க்கை அந்தப் பக்கத்தில் எங்கோ நடந்திருக்க வேண்டும். பாரசீகம் வழியாகவும் உஸ்மானியப் பேரரசு வழியாகவும் மேற்கே வந்த செடி, பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் பால்கன் மலைக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கில் நிலைத்தது. விதையால் அல்ல, கிளையையும் வேரையும் பதியம் போட்டே பெருக்கினார்கள். அதனால் இன்று பல்கேரியாவிலும் துருக்கியிலும் எண்ணெய்க்காக வளர்கிற செடிகளின் மரபணுவை ஒப்பிட்டால் வேறுபாடே தெரிவதில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரந்திருப்பது ஒரே செடி.

அந்தப் பள்ளத்தாக்கு பல்கேரியாவின் நடுவில், ஸ்டாரா பிளானினா மலைத்தொடருக்கும் ஸ்ரெட்னா கோரா மலைக்கும் இடையில் கிடக்கிறது. கசன்லக், கார்லோவோ, பாவெல் பான்யா ஆகிய ஊர்கள் அதில் இருக்கின்றன. வடக்குக் குளிர்காற்றை மலை தடுத்துவிடும். மண் மணல் கலந்தது, தண்ணீர் தேங்காது. முக்கியமான சங்கதி மே மாதத்து வானிலை: அடிக்கடி தூறல், மேகமூட்டம், காலைப் பனி. பூக்கும் காலத்தில் வானம் வெளுத்து வெயில் அடித்தால் மொட்டெல்லாம் ஒரே வீச்சில் விரிந்து, மூன்று நான்கு வாரம் நீள வேண்டிய அறுவடை பாதியில் முடிந்துவிடும். இதமான ஈரமும் குளிரும் இருந்தால் பூ நிதானமாக, நாளுக்குக் கொஞ்சமாக வரும்.

பறிப்பு விடியலில் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள், ஒன்பது பத்து மணிக்குள், முடிந்தாக வேண்டும். இது வெறும் சம்பிரதாயமில்லை. புதினா இலைக்கும் எலுமிச்சைத் தோலுக்கும் எண்ணெயைச் சேர்த்து வைக்கத் தனிப் பைகள் உண்டு. ரோஜா இதழுக்கு அப்படி எதுவும் கிடையாது. இதழின் மேல்தோலில் கூம்பு கூம்பாக எழும்பி நிற்கும் செல்களில் மணம் உண்டாகிறது, உண்டான கையோடு காற்றில் போகிறது. சேமிப்பே இல்லாத வரவு செலவு அது. இரவின் குளிரில் வரவு மிஞ்சி நிற்கிற ஒரு சில மணி நேரத்தைத்தான் பறிக்கிறவர்கள் பிடிக்கிறார்கள். நண்பகலில் பறித்த அதே எடைப் பூவில் எண்ணெய் வெகுவாகக் குறைந்திருக்கும்.

அந்த மணத்தைச் செடி உண்டாக்கும் வழியும் அதற்கே உரியது. பிற தாவரங்கள் ஜெரானியோல் போன்ற பொருள்களை ஒரு வகை நொதியால் ஆக்குகின்றன. ரோஜாவோ, வேறு வேலைக்கென்று இருந்த நூடிக்ஸ் என்னும் நொதிக் குடும்பத்தில் ஒன்றை இதற்குப் பழக்கிக்கொண்டது. 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டபோதுதான், உலகம் இத்தனை நூற்றாண்டு முகர்ந்த ஒரு பூவின் அடிப்படை வேலையே நமக்குத் தெரியாமல் இருந்தது புரிந்தது.

பறிப்பவர்களில் பெரும்பாலோர் ரோமா மக்கள். புல்லிவட்டத்துக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலால் வளைத்தால் பூ முறிந்து வரும். ஏப்ரனிலோ இடுப்பில் கட்டிய பையிலோ விழும். பை நிறைந்தால் சாக்கு. கூலி கிலோ கணக்கு. ஒரு பூ இரண்டு இரண்டரை கிராம். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் கிலோ பூ வேண்டும். அதாவது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை ஒரு விரல் வளைய வேண்டும். 1903-இலிருந்து கசன்லக் நகரம் ரோஜாத் திருவிழா கொண்டாடுகிறது. ஊர்வலம் உண்டு, ரோஜா ராணி உண்டு. படங்களில் பூக்கூடையோடு சிரிப்பவர்கள் நாட்டுப்புற உடை அணிந்த இளம்பெண்கள். பனியில் முழங்கால் வரை நனைந்து, முள் கீறிய கையோடு வரிசைக்குள் நடப்பவர்கள் அந்தப் படங்களில் இல்லை. எண்ணெயின் விலையைப் பேசும்போது முதலில் நினைக்க வேண்டியவர்கள் அவர்கள் என்று நான் நம்புகிறேன்.

சாக்கில் கட்டிய பூ காத்திருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிய இதழ்கள் சில மணி நேரத்தில் சூடேறிப் புளிக்க ஆரம்பிக்கும். புளித்த பூவிலிருந்து வரும் எண்ணெயில் ஜெரானியோல் குறைந்து சிட்ரோனெல்லோல் கூடும். மெத்தில் யூஜினால் என்னும் வேண்டாத பொருளும் கூடும். அதனால்தான் எண்ணெய் வடிக்கும் வாலைகள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எண்ணெயை உலகம் சுற்ற விடலாம், பூவை அடுத்த ஊருக்குக்கூட அனுப்ப முடியாது.

பழைய வாலை செம்பால் ஆனது, நூறு லிட்டர் சொச்சம் கொள்ளும். பத்து கிலோ பூவைக் கொட்டி, அதைப்போல் ஐந்தாறு மடங்கு தண்ணீர் ஊற்றி, மூடியை மண்ணும் துணியும் வைத்து அடைத்து, அடியில் விறகு மூட்டுவார்கள். மூடியிலிருந்து கிளம்பும் குழாய், ஓடை நீர் வந்து விழும் மரத்தொட்டிக்குள் இறங்கி மறுபக்கம் சொட்டும். இன்றைய ஆலைகளில் ஒரு வாலை ஐந்நூறு கிலோ பூவை விழுங்கும். விறகுக்குப் பதில் கொதிகலனிலிருந்து நீராவி வருகிறது. ஒன்று மட்டும் மாறவில்லை. லாவெண்டரையும் எலுமிச்சைப்புல்லையும் போல உலர்ந்த குவியலுக்குள் வெறும் நீராவியைச் செலுத்தி ரோஜாவை வடிக்க முடியாது. ஆவி பட்டதும் இதழ்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும், ஆவி ஊடுருவாது. பூ தண்ணீரில் மிதந்து புரள வேண்டும்.

இரண்டு மணி நேரம் போல வடிந்த நீரின் மேல் கண்ணுக்குத் தெரிகிற எண்ணெய் மிகக் கொஞ்சம். பெரும்பகுதி நீரோடு கலந்து மறைந்திருக்கும். முதல் வடிநீரை அப்படியே விட்டுவிட்டால் அது பன்னீர், கதை முடிந்தது. அதை மறுபடி வாலையில் ஏற்றினால்தான் எண்ணெய் திரளும். கிடைக்கும் எண்ணெயில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வடிப்பில் வருவது. கழுத்து நீண்ட குப்பியில் வடிநீர் நிரம்ப நிரம்ப, கழுத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு வளையம் தடிக்கும். அதை எடுக்க அந்தக் காலத்துக் குடியானவர்கள் வைத்திருந்த கருவி எனக்கு மிகவும் பிடிக்கும்: அடியில் ஊசித்துளை இட்ட சிறு கூம்புத் தகரக் கரண்டி. முகந்தால் தண்ணீர் துளை வழியே இறங்கிவிடும், எண்ணெய் தங்கிவிடும். பிறகு முதல் எண்ணெயையும் இரண்டாம் எண்ணெயையும் ஒன்றாகக் கலப்பார்கள். முதலாவதில் மெழுகு அதிகம், இரண்டாவதில் மணம் அதிகம். சேர்ந்தால்தான் ரோஜா எண்ணெய்.

விளம்பரங்கள் இதைப் பூவின் ஆன்மா என்று எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. செடியில் நிற்கும் பூவை முகர்ந்து, உடனே எண்ணெயை முகர்ந்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. பூவின் மணத்தில் மிகப் பெரிய பங்கு ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்னும் பொருளுடையது. மென்மையான, தேன் கலந்த இனிமை அது. ஆனால் அது தண்ணீரில் நன்றாகக் கரைகிறது. வாலையில் ஏறியவுடன் நீரோடு சேர்ந்துகொண்டு எண்ணெயை விட்டுப் போய்விடுகிறது. பூவை வேதிக் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் ரோஜா சாரத்தில் அது பாதிக்கு மேல் இருக்கும்; வடித்த எண்ணெயில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தரவிதியே சொல்கிறது. பூவில் இத்தனை இருந்தும், ஜெர்மன் வேதியியலாளர்கள் அதை ரோஜாவில் அடையாளம் கண்டது 1900-இல்தான். அதுவரை எண்ணெயை மட்டுமே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நம் கல்யாண வாசலில் செம்பிலிருந்து தெளிக்கும் உண்மையான பன்னீர் பூவுக்கு அவ்வளவு நெருக்கமாக மணப்பதற்கும் காரணம் இதுதான். எண்ணெய் இழந்தது அங்கே இருக்கிறது.

இழந்ததோடு நிற்கவில்லை, பெற்றதும் உண்டு. சிட்ரோனெல்லோல், ஜெரானியோல், நெரோல் மூன்றும் சேர்ந்து எண்ணெயின் பாதிக்கு மேல். இவற்றை மட்டும் அதே அளவில் கலந்து பார்த்த பழைய வேதியியலாளர்களுக்கு ரோஜா கிடைக்கவில்லை. சோப்பு வாசனைதான் கிடைத்தது. மீதி ரகசியம் ஜெனீவாவில் ஃபிர்மெனிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மெதுவாக அவிழ்ந்தது. 1959-இல் ரோஜா ஆக்சைடு. பிறகு பல ஆண்டு உழைப்புக்குப் பின், 1970-இல் எத்வார் தெமோலும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட பீட்டா டமாஸ்சினோன். எண்ணெயில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். மூக்குக்கு எட்டுவதற்கோ அதில் நம்ப முடியாத அளவு சிறு துணுக்கு போதும். அதே நிறுவனத்தின் குந்தர் ஓலோஃப் ஒரு கணக்குப் போட்டார்: ஒவ்வொரு பொருளின் அளவையும் அது மூக்குக்கு எட்டும் குறைந்தபட்ச அளவால் வகுத்தார். எண்ணெயில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு இருந்த சிட்ரோனெல்லோல், மணத்தில் நான்கு பங்கு மட்டுமே. நூற்றுக்கு 0.14 பங்கு இருந்த டமாஸ்சினோன், மணத்தில் எழுபது பங்கு. ஒரு குண்டான் சாம்பாரில் பெருங்காயம் செய்கிற வேலையை நினைத்துக்கொள்ளலாம்.

இந்த டமாஸ்சினோன் பெரும்பாலும் பூவில் இருப்பதே இல்லை. சர்க்கரையோடு பிணைந்த, மணமே இல்லாத முன்பொருள்களாகத்தான் இதழில் கிடக்கிறது. வாலையின் கொதிப்பும் பூ நீரின் லேசான புளிப்பும் சேர்ந்து அந்தப் பிணைப்பை அறுக்கும்போது அது வெளியே வருகிறது. ஆகவே ரோஜா எண்ணெய் பூவுக்குள் ஒளிந்திருந்து நாம் எடுத்ததல்ல. பூவும் நெருப்பும் நீரும் சேர்ந்து பெற்ற பிள்ளை. தாயின் சாயல் உண்டு, குரல் வேறு. எலுமிச்சையின் கூர்மையும் மிளகின் காரமும் தேனின் கனமும் அதில் இருக்கின்றன. பூவிடம் இவை இத்தனை தெளிவாக இல்லை.

இந்தப் பிள்ளையை முதலில் கவனித்த ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். பன்னீர் வடிப்பது மிகப் பழைய தொழில். பாரசீகத்தின் ஃபார்ஸ் மாகாணம் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாத் கருவூலத்துக்கு ஆண்டுக்கு 30,000 குப்பி பன்னீர் கப்பம் கட்டியதாக இப்னு கல்தூன் எழுதுகிறார். எண்ணெயின் கதைக்கு ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்புகளுக்கு வர வேண்டும். நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் பன்னீர் தயாரித்துக்கொண்டிருந்தார். சூடான பன்னீரைத் தட்டங்களில் ஊற்றியபோது மேலே ஆடை படர்வதைப் பார்த்தார். அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். பேரரசர் அதன் மணத்தில் சொக்கிப்போய் ஒரு முத்துமாலையைப் பரிசளித்தார். மூத்த அரசி சலீமா சுல்தான் பேகம் அதற்கு ஜஹாங்கீரி அத்தர் என்று பெயர் சூட்டினார். வாய்வழக்கில் இந்தப் புகழ் மகள் நூர்ஜஹானுக்குப் போய்விட்டது. தாயாருக்குத்தான் அது சேர வேண்டும் என்று பேரரசரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்தியாவில் அந்தக் கலை காஜிப்பூரிலும் கன்னௌஜிலும் வேறு வழியில் வளர்ந்தது. கன்னௌஜில் டேக் என்னும் செம்புப் பானையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வரும் ரோஜா ஆவி, பப்கா என்னும் குடுவையில் காத்திருக்கும் சந்தன எண்ணெயில் போய்ப் படியும். தென்னாட்டுச் சந்தனம் தாங்கி, வடநாட்டு ரோஜா ஏறிய அத்தர் அது. அதன் அழகு வேறு. தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கசன்லக்கின் எண்ணெய்க்கு வருவோம். அங்கே எண்ணெய் ஊரைவிட்டுப் புறப்பட்டது கொன்கும் என்னும் கலத்தில். தட்டையான உருண்டை வடிவம், ஈயம் பூசிய செம்பு, குறுகிய கழுத்து. நிரப்பியதும் வாயைப் பற்றவைத்து மூடி, வெள்ளைக் கம்பளித் துணியால் சுற்றித் தைத்து, உஸ்மானியச் சுங்கத்தின் முத்திரை குத்தி அனுப்புவார்கள். உள்ளங்கையளவுக் கொன்கும் உண்டு, சில கிலோ கொள்ளும் கொன்கும் உண்டு. கோவேறு கழுதை முதுகில் மலையிறங்கி, கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் அங்கிருந்து லண்டன், பாரிஸ், நியூயார்க்குக்கும் அவை போயின. 1820-இல் தொடங்கிய பாப்பாசோவ் குடும்ப நிறுவனம் இந்த வணிகத்தை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவற்றில் முதன்மையானது.

விலை உயர்ந்த பொருளுக்குப் பின்னால் கலப்படம் வராமல் இராது. இந்தக் கலப்படத்தின் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மத்திய இந்தியக் காடுகளில் தானாக வளரும் பாமரோசா, எலுமிச்சைப்புல்லின் உறவு. அதன் எண்ணெயில் பெரும்பகுதி ஜெரானியோல். பம்பாய்த் துறைமுகத்தில் ஏறி, செங்கடல் வழியாக கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்ந்த அந்தப் புல்லெண்ணெய்க்கு மேற்கத்திய வணிகர்கள் துருக்கி ஜெரேனியம் எண்ணெய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிசினும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குலுக்கி, வெயிலில் காயவைத்து, அதன் காரத்தை மழுக்குவார்கள். பிறகு ரோஜா எண்ணெயில் நேரடியாக ஊற்றினால் பிடிபடும் என்பதால், வாலைக்குப் போகும் பூக்களின் மேலேயே தெளித்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து வடியும்போது பிரித்தறிய அந்தக் காலத்தில் வழியில்லை.

வாங்குபவர்களும் சும்மா இருக்கவில்லை. ரோஜா எண்ணெயில் ஸ்டியரோப்டீன் என்று வேதியியலார் சொல்லும் மெழுகுப் பகுதி உண்டு. அதற்கு மணம் இல்லை. ஆனால் இருபது பாகை செல்சியஸ் வாக்கில் அது மெல்லிய ஊசிப் படிகங்களாக உறைந்து, எண்ணெயைப் பிடித்து நிறுத்தும். எந்த வெப்பத்தில் உறைகிறது என்று பார்த்தே தரம் சொன்னார்கள். புல்லெண்ணெய் கலந்தால் உறைநிலை இறங்கும். உடனே மறுபக்கம் வேறு வழி கண்டது: திமிங்கில மெழுகைச் சேர்த்தார்கள், தென்னமெரிக்க குவாயக் மரத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள், வேலியோரம் நட்ட வெள்ளை ரோஜாவையும் பூவோடு கலந்தார்கள். வெள்ளை ரோஜாவில் மெழுகு அதிகம், மணம் குறைவு.

இந்தப் போட்டி இன்னும் ஓயவில்லை, கருவிகள்தான் மாறியிருக்கின்றன. 1907-இல் கொன்ஸ்தாந்தின் மால்கோவ் கசன்லக்கில் தொடங்கிய சோதனைத் தோட்டம் இன்று ரோஜா ஆய்வு நிறுவனமாக நிற்கிறது. வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் ஒரு துளியைச் செலுத்தினால் நூற்றுக்கணக்கான பொருள்களும் தனித்தனிச் சிகரங்களாக விரியும். அதையும் ஏய்க்க, செயற்கைப் பொருள்களைத் தரவிதிக்கு ஏற்ற அளவில் கலப்பவர்கள் உண்டு. இங்கே செடியே ஒரு சாட்சியை வைத்திருக்கிறது. சிட்ரோனெல்லோலுக்கு இடக்கை வலக்கை போல இரு வடிவங்கள் உண்டு; ரோஜா அநேகமாக ஒன்றை மட்டும்தான் செய்யும். வழக்கமான தொழிற்சாலைச் சரக்கில் இரண்டும் சரிபாதியாக வரும். இரண்டு கையும் தெரிந்தால் எண்ணெய் பொய். 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் பல்கேரிய ரோஜா எண்ணெய்க்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கொடுத்ததற்குப் பின்னாலும் இந்த நீண்ட சண்டை இருக்கிறது.

செடியும் ஊரை விட்டுக் கிளம்பியது. 1877-78 ரஷ்ய துருக்கியப் போரில் கசன்லக்கை அடுத்த ஷிப்கா கணவாயில் கடும் சண்டை நடந்தது. போருக்குப் பின் பள்ளத்தாக்கிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் பெருமளவில் அனத்தோலியாவுக்குப் பெயர்ந்தன. 1888-இல் இஸ்பார்த்தாவில் இஸ்மாயில் எஃபெந்தி என்பவர் ரோஜா நட்டார். கைத்தடிக்குள் கிளையை மறைத்துக் கொண்டுவந்தார் என்று கதை சொல்வார்கள். 1892-இல் அவருக்கு முதல் எண்ணெய் கிடைத்தது. இன்று பல்கேரியாவுக்கு இணையான எண்ணெய் நாடாகத் துருக்கியை ஆக்கியிருப்பது அந்த இஸ்பார்த்தா. பல்கேரியாவிலோ 1947-க்குப் பின் வாலைகள் அரசுடைமையாயின. நாட்டின் முழு எண்ணெயும் ஒரே அரசு நிறுவனத்தின் பெயரில் வெளியே போனது. அந்தக் காலத்துச் சுற்றுலாப் பயணிகள் வாங்கிவந்த, சூட்டுக்கோலால் ரோஜா வரைந்த சிறு மரக்குப்பிகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கும். 1989-க்குப் பிறகு தொழில் தனியார் கைகளுக்குத் திரும்பியது. இத்தனைக்கும் நாட்டின் ஒரு பருவ விளைச்சல் சில டன்களைத் தாண்டாது. ஒரு கிலோ பல ஆயிரம் யூரோவுக்கு விலை போகிறது.

அந்தச் சில டன் எங்கே போகிறது? பெரும்பகுதி வாசனைத் திரவியக்காரர்களின் மேசைக்கு. பிரான்சின் கிராஸ் நகரைச் சுற்றி விளையும் மே ரோஜாவிலிருந்து கரைப்பானால் எடுக்கும் சாரம் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. அது கனமானது, சிவந்தது, தோலில் நீண்ட நேரம் தங்கும். வடித்த எண்ணெய் அதற்கு நேர் எதிர்: மேலே எழும்பும், ஒளிரும், மற்ற பொருள்களுக்கு இடையே இடைவெளி உண்டாக்கும். 1930-இல் ஆன்றி அல்மேரா உருவாக்கிய ஜோய் போன்ற பெரும் கலவைகளில் ரோஜாவும் மல்லிகையும் தாராளமாகச் சேர்ந்தன. இன்று அவ்வளவு தாராளம் யாருக்கும் கட்டாது. செலவு மட்டுமே காரணமில்லை; எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் மெத்தில் யூஜினால் புற்றுநோய் ஐயத்துக்கு உள்ளானது. தோலில் தங்கும் கிரீம்களுக்கு ஐரோப்பிய விதி அதை 0.0002 சதவீதத்தில் நிறுத்துகிறது. வாசனைத் திரவியத்துக்கே 0.01 சதவீதம்தான். அதைக் குறைத்து வடிக்கும் வேலையில் ஆலைகள் இறங்கியிருக்கின்றன. புளிக்காத பூ அந்த வேலையின் முதல் படி.

மீதி எண்ணெய் பல வாசல்களில் பிரிகிறது. டர்கிஷ் டிலைட் என்னும் மிட்டாய்க்குக் கொஞ்சம் போகும், முகப்பூச்சுகளுக்குக் கொஞ்சம். பித்தப்பைக் கோளாறுக்கு அதைக் குளிகையில் அடைத்து மருந்தாகத் தந்த வழக்கமும் பல்கேரியாவில் இருந்தது. சவூதியின் தாயிஃப் மலைகளில் இதே ரோஜாவின் எண்ணெய் தோலா கணக்கில் விற்கிறது. மக்காவில் காபாவைக் கழுவும் நீரில் ஸம்ஸமோடு சேர்வதும் அதுதான். நறுமண மருத்துவர்கள் மனப்பதற்றத்துக்கும் மாதவிடாய் வலிக்கும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். முகர்ந்தவர்களின் பதற்றம் தணிந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு; பெரும்பாலும் சிறு எண்ணிக்கையில் செய்தவை. மனத்துக்கு இதம் தருகிறது என்று நானும் சொல்வேன். நோய்க்கு மருந்து என்று சொல்லி யாருடைய சிகிச்சையையும் தள்ளிப்போட வைப்பது அநியாயம்.

நம் ஊர்க் கடையில் சில நூறு ரூபாய்க்குப் பத்து மில்லி ரோஜா எண்ணெய் என்று எழுதியிருந்தால், அதில் இருப்பது இந்த எண்ணெய் இல்லை என்று கணக்கே சொல்லிவிடும். பத்து மில்லிக்கு இருபத்தைந்து கிலோவுக்கு மேல் பூ வேண்டும். அசல் எண்ணெய் பெரும்பாலும் ஒரு மில்லி, இரண்டு மில்லி போன்ற சிறு குப்பிகளில் வரும். அதை நேராகத் தோலில் இடாமல், ஒரு தேக்கரண்டி பாதாம் எண்ணெய்க்கோ ஜோஜோபா எண்ணெய்க்கோ ஒரு துளி என்று கலந்தால் போதும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும், சிலருக்கு ஒவ்வாமை வரும். சென்னை வெயிலில் அது எப்போதும் நீராகவே இருக்கும். ஊட்டிக் காலையிலோ குளிர்பெட்டியிலோ வைத்தால் உள்ளே ஊசிகள் படரும். பயந்து வடிகட்டிவிடக் கூடாது. குப்பியைக் கைக்குள் சிறிது நேரம் பொத்திப் பிடித்தால் எல்லாம் உருகிவிடும். உருகும்வரை பொறுத்து, மெதுவாகப் புரட்டிக் கலந்த பிறகே துளி எடுக்க வேண்டும். மெழுகை அடியில் விட்டுவிட்டு மேலே நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டே போனால், கடைசியில் குப்பியில் மிஞ்சுவது மணமில்லாத மெழுகாகத்தான் இருக்கும்.